நல்ல ஏரியா

1986இல் லண்டனுக்கு வந்திறங்கிய எங்களில் எவரும் எந்த ஏரியா நல்லது என்று கேட்டதில்லை. யாருடைய அறையில் கால் நீட்ட இடமிருக்கிறது என்றுதான் கேட்டோம். சட்டைப் பையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். அதில் ஒரு மச்சானுடைய விலாசம், அல்லது மச்சானுக்குத் தெரிந்த யாரோ ஒருவருடையது. விலாசம் ரூட்டிங் என்றிருந்தால் நீங்கள் ரூட்டிங்காரர். வெம்பிளி என்றிருந்தால் வெம்பிளிக்காரர். என் கடதாசியின் கடைசி வரி ஈ12 என்று முடிந்தது, ஆகவே மனோர் பார்க். முப்பத்திரண்டு பரோக்களையும் சீர்தூக்கிப் பார்த்துத்தான் அப்பா அந்த இடத்தைத் தெரிவுசெய்தார் என்று என் பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் ஏன் கெடுப்பான்?

இப்போது வருகிறவர்கள் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்கு வந்த தம்பி ஒருவர், தெரிந்த ஒருவர் சொல்லி, சவுத் ஹரோவில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்தார். திறந்தால் எக்செல் அட்டவணை. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், ரூட்டிங், குரொய்டன், ஹரோ, ஹவுன்ஸ்லோ என்று ஊர்கள் மேலிருந்து கீழாக. வாடகை, ஸ்டேஷனுக்கு நடக்கும் நேரம், கவுன்சில் வரி, பள்ளிக்கூடத் தரம், குற்றக் கணக்கு, தமிழ்க்கடை என்று குறுக்கே நிரல்கள். கட்டங்களுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு.

"அங்கிள், நீங்க இத்தன வருஷமா இங்கயே இருக்கீங்க. இதுல ஏதாச்சும் விட்டுப்போச்சுங்களா?"

விட்டுப்போனதைச் சொல்ல ஒரு பகல் போதாது. தம்பிக்கோ இரண்டு மணிக்கு வீடு பார்க்கப் போகவேண்டும்.

நிறம் பூசுவது இந்த ஊருக்குப் பழக்கமானதுதான். சார்ல்ஸ் பூத் என்ற கப்பல் கம்பனி முதலாளி 1889 முதல் வெளியிட்ட வறுமை வரைபடங்களில் லண்டனைத் தெருத்தெருவாக நிறம் பிரித்திருந்தார். பணக்காரத் தெரு மஞ்சள். ஆகக் கீழ்த்தட்டு கறுப்பு. அங்கே இருப்பவர்களைப் பாதிக் குற்றவாளிகள் என்கிற தோரணையில் குறிப்பும் எழுதினார். தம்பியின் அட்டவணையில் ஈஸ்ட்ஹாமுக்குக் குற்ற நிரலில் சிவப்பு விழுந்திருந்தது. பூத் காலத்து லண்டனுக்குள் ஈஸ்ட்ஹாம் வரவேயில்லை. அது எசெக்ஸ். 1965இல் ஈஸ்ட்ஹாமையும் வெஸ்ட்ஹாமையும் ஒன்றாக்கி, நியூஹாம் என்று பெயர் வைத்து லண்டனுக்குள் இழுத்துக்கொள்ளும் வரைக்கும் எசெக்ஸ்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் போய்ச் சேர்ந்தது சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய பழைய வரிசை வீடு. மூன்று அறை, ஒன்பது பெடியள். கட்டில்களுக்கு ஓய்வே கிடையாது. கோழி பக்டரிக்காரர் விடிய எழும்பி இறங்க, பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை முடித்தவர் அதே சூட்டில் ஏறிப் படுப்பார். இருவரும் ஒருவரையொருவர் முழுதாகப் பார்த்தது தைப்பொங்கலன்றுதான். கரண்ட் மீற்றருக்குள் ஐம்பது பென்ஸ் குற்றி போடவேண்டும். குற்றி முடிய வெளிச்சமும் முடியும். கடைசிக் குற்றி யாருடையது என்று குசினியில் நடந்த வழக்குகளைத் தொகுத்தால் ஒரு சட்டப் புத்தகம் வரும். வாடகை வாரம் பத்துப் பவுண்ஸ். சமையல் முறை வைத்து. மீன்குழம்பு வைக்கத் தெரிந்தவனுக்குக் கக்கூஸ் கழுவுவதிலிருந்து விலக்கு உண்டு.

ஏன் அந்தப் பக்கம் போனோம் என்பதற்கு இப்போது என்னால் காரணம் சொல்ல முடியும். அன்று தெரியாது. ராயல் டொக்ஸ் துறைமுகத்தில் 1981இல் கப்பல் வேலை நின்றது. அதை நம்பியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் எசெக்ஸ் பக்கமாக நகர்ந்தன. வீடு மலிந்தது. நமக்கு முன்பே குஜராத்திகளும் பஞ்சாபிகளும் கடை போட்டிருந்ததால் அரிசிக்கும் செத்தல் மிளகாய்க்கும் அலைச்சல் இல்லை. டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் நேரே நகரம். இத்தனையும் சேர்ந்துதான் ஒரு மச்சானை அங்கே கொண்டுபோய் விட்டது. மச்சானுக்குப் பின்னால் ஊர் போனது.

குற்றக் கணக்கு என்ற நிரல் எங்களிடமும் இருந்தது, எழுத்தில் இல்லை. எந்தத் தெருவால் இருட்டில் வரக்கூடாது, எந்த பப் வாசலில் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறவேண்டும் என்று புதிதாக வந்தவனுக்கு முதல் இரவிலேயே சொல்லிக்கொடுப்போம். அப்டன் பார்க்கில் வெஸ்ட்ஹாம் அணிக்கு மட்ச் இருக்கிற சனிக்கிழமையில் முற்பகலே சாமான் வாங்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வோம். பயத்துக்குக் காரணம் இருந்தது. 1980இல் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் அக்தர் அலி பேய்க் என்ற இளைஞரை இனவெறியர்கள் குத்திக் கொன்றிருந்தார்கள். 1991 டிசம்பரில் மனோர் பார்க்கில் தாக்கப்பட்ட ஈழத்து அகதி ஒருவர் அடுத்த சில நாட்களில் இறந்துபோனார். இரவு வேலைக்குப் போகிறவன் திரும்பி வரும் வரைக்கும் வீட்டில் யாராவது ஒருவர் விழித்திருப்பது அந்தக் காலத்து வழக்கம்.

அந்த வெஸ்ட்ஹாம் அணி 2016இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. பழைய மைதானத்தை இடித்து அடுக்குமாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். நாங்கள் ஒளித்து நடந்த தெருவில் நம்முடைய பிள்ளைகள் இருபத்தைந்து வருட மோட்கேஜில் வீடு தேடுகிறார்கள். அவர்களில் சிலர் வெஸ்ட்ஹாம் ரசிகர்கள் வேறு.

எங்களுக்கும் கீழே ஒரு படி இருந்தது. 1987இல் அடைக்கலம் கேட்டு வந்த தமிழர் பலரை அரசாங்கம் ஹாரிச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணிகள் கப்பலில் அடைத்துவைத்தது. கடல் பார்த்த இடம், வாடகை இல்லை, சாப்பாடு உள்ளே வரும். தம்பியின் அட்டவணையில் போட்டால் பாதிக் கட்டங்கள் பச்சையாகியிருக்கும். அந்த ஒக்டோபரில் அடித்த பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துப் போய்த் தரை தட்டியது. அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்தவர்கள் வெளியே விடப்பட்டார்கள். லண்டனில் எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்ட அதிகாரியிடம் அவர்களும் ஒரு துண்டுக் கடதாசியைத்தான் நீட்டியிருப்பார்கள்.

வாடகைக்கு இருந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆனதில் ஒரு பட்ஜெட்டுக்கும் பல சீட்டுகளுக்கும் பங்குண்டு. அப்போது கூட்டாக வீடு வாங்கினால் ஆளுக்கு முப்பதாயிரம் பவுண்ஸ் கடன் வரைக்கும் வட்டிக்கு வரிச்சலுகை. கலியாணமான தம்பதிக்குச் சேர்த்து ஒரு சலுகை. கலியாணமாகாத மூன்று பேருக்கு மூன்று. பிரம்மச்சரியத்துக்கு அரசாங்கம் காசு கொடுத்த காலம் அது. 1988 ஓகஸ்டுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு சலுகைதான் என்று நிதியமைச்சர் நைஜல் லோசன் அறிவித்ததும் நாடு முழுக்க ஓடியது. நம்முடைய பெடியளும் ஓடினார்கள். முற்பணம் சீட்டில் வந்தது. மாதக் கடைசி ஞாயிறு சீட்டுக் கூறும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கிழவி சண்டை என்று நினைத்துப் பொலிசைக் கூப்பிட்டதும் உண்டு. கண்மண் தெரியாமல் கழிவு விட்டுச் சீட்டை எடுத்தவன் அடுத்த கிழமையே வீடு பார்க்கப் போவான். பார்ப்பது மூன்று விஷயம்: கூரை ஒழுகுகிறதா, ஸ்டேஷன் கிட்டவா, எத்தனை பேரை வைக்கலாம். பள்ளிக்கூடம் என்ற பேச்சே எழவில்லை. பிள்ளைகள் யாரிடம் இருந்தார்கள்?

1989 ஒக்டோபரில் வங்கி வட்டி 15 வீதத்தில் போய் நின்றது. அதன் பின்னால் வீட்டு விலை சரிந்தது. கூட்டாக வாங்கிய மூவர் தொடர்ந்து கூட்டாளிகளாகவே இருந்தார்கள்; விற்றால் கடன் மிஞ்சும் என்பதால். 2023இல் 5 வீதம் என்றதும் பிள்ளைகள் அலறினார்கள். பதினைந்தைக் கண்டவன் நான் என்று வாயெடுத்தால் கைபேசியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுகிறார்கள்.

அந்த வீடுகளின் பின்வளவுகளில் பிறகு கொட்டில்கள் முளைத்தன. தோட்டச் சாமான் வைப்பதற்கு என்று கட்டி, ஆட்களை வைத்தார்கள். நியூஹாம் கவுன்சில் 2013 சனவரியில், தனியார் வாடகைக்கு விடுகிற வீடுகளுக்கு லைசன்ஸ் கட்டாயம் என்று விதித்தது. இங்கிலாந்தில் ஒரு பரோ முழுவதற்கும் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. இதென்ன அநியாயம், சனம் கூடி இருந்தால் இவங்களுக்கு என்ன என்று அன்று ஆகக் கூடுதலாகக் கொதித்தவர், எங்கள் வீட்டில் கோழி பக்டரிக்காரரின் சூட்டில் ஏறிப் படுத்த அதே பெற்றோல் ஸ்டேஷன்காரர். அவரிடம் அப்போது நான்கு வீடுகள் இருந்தன.

நான் ரூட்டிங்குக்கு மாறியதற்கும் அட்டவணை கிடையாது. கலியாணம் முடிந்தது, மனைவியின் தமையன் அங்கே இருந்தார். நோர்தேர்ன் லைன் அப்போது பத்திரிகைகளில் துயர லைன் என்று பெயர் எடுத்திருந்தது. வேலைக்குப் பிந்திப் போவதற்கு வேறு சாட்டுத் தேவைப்படவில்லை. ஆனால் ரூட்டிங்கில் நமக்கு முன்பே தோசை போய்ச் சேர்ந்திருந்தது. மலையாளிகளின் ஸ்ரீ கிருஷ்ணா உணவகம் அங்கே 1973இலிருந்து நடக்கிறது. செயின்ட் ஜோர்ஜ் மருத்துவமனை பக்கத்தில். கவுன்சில் வரியோ நாட்டிலேயே ஆகக் குறைந்தவற்றில் ஒன்று, வான்ட்ஸ்வேர்த் பரோ என்பதால். தெருவைத் தாண்டி மேர்ட்டன் பக்கம் போனால் கூடும். இந்த வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தம்பிக்கு விளக்கியபோது அவர் நம்பவில்லை. இங்கிலாந்து வீடுகளின் வரித் தட்டு 1991 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்தே இன்றும் நிற்கிறது. தம்பி பிறப்பதற்கு முந்திய விலை. அட்டவணையில் அந்த ஒரு நிரலில் மட்டும் எனக்கும் அவருக்கும் ஒரே லண்டன்.

ரூட்டிங் எங்கள் காலத்தில் யாரும் பார்க்க வருகிற இடமல்ல. 2017இல் லோன்லி பிளானட்காரர்கள் உலகத்திலேயே ஆக உற்சாகமான பத்துச் சுற்றுவட்டாரங்களில் ஒன்றாக ரூட்டிங்கை எழுதினார்கள். நாங்கள் கருவாடு வாங்கிய சந்தைக்குள் இப்போது தாடி வைத்த வெள்ளைப் பெடியள் குடிவகை கலக்குகிறார்கள். கருவாட்டு மணம் அவர்களுக்குப் பிடிக்கிறதாம். எங்களிடம் பஸ்ஸில் மூக்கைப் பொத்தியவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம்.

பக்கத்து ஊரான மிச்சம் பற்றி ஒரு வார்த்தை. அங்கே ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற கவுன்சில் குடியிருப்புப் பக்கம் பிள்ளைகளைப் போகவிட மாட்டோம். கெட்ட ஏரியா. அந்தக் குடியிருப்பில் வளர்ந்த மாதங்கி அருள்பிரகாசம் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகம் முழுதும் பாடினார். நல்ல ஏரியாவில் கிழமை தவறாமல் பியானோ வகுப்புக்குப் போன எங்கள் பிள்ளைகள் கணக்காளர் ஆனார்கள்.

ஹரோவுக்கு வந்தது 1999இல். அப்போதுதான் முதல்முறையாக ஏரியா பார்த்தோம், ஏனென்றால் மூத்தவளுக்கு ஏழு வயது. பிள்ளை பிறந்தவுடன் தமிழருக்கு லண்டன் வரைபடமே மாறிவிடும். ஸ்டேஷன் எல்லாம் அழிந்து பள்ளிக்கூடங்கள் மட்டும் மிஞ்சும். சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், ரெட்பிரிட்ஜ் போன்ற சில பரோக்களில் தேர்வு வைத்துப் பிள்ளை எடுக்கும் கிராமர் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பரோக்களின் ஓரங்களில் தமிழர் குடியேற்றத்தை யாராவது ஆராய்ந்தால் ரியூசன் நிலையங்களையும் சேர்த்துக் குறிக்கவேண்டும். கிங்ஸ்டனில் இருக்கிற டிஃபின் பள்ளி, பதினேழாம் நூற்றாண்டில் பியர் வடித்த இரண்டு சகோதரர்கள் விட்டுப்போன தருமப் பணத்தில் 1880இல் தொடங்கியது. ஒஃப் லைசன்ஸ் கடையில் போத்தல் அடுக்கிப் பிள்ளையை டொக்டராக்கிய நம்முடைய தந்தையருக்கு அந்தச் சகோதரர்கள்தான் குலதெய்வம். இருந்தும் நேர்த்திக்கடனெல்லாம் அம்மனுக்குப் போகிறது.

ஹரோவில் அரசாங்கக் கிராமர் பள்ளி கிடையாது. குன்றின் மேல் இருப்பது நேருவும் சேர்ச்சிலும் படித்த தனியார் பள்ளி. அதன் வாசலில் நின்று படம் எடுக்கத்தான் எங்களுக்கு வசதி. ஆனால் பேத்தி ஹரோவில் படிக்கிறாள் என்று ஊரில் அம்மா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. பிரதமர் ஆவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டு வாத்தியார் விசாரித்தாராம்.

அரசாங்கப் பள்ளிகளைப் பள்ளி ஆய்வு அமைப்பான ஒஃப்ஸ்டெட் ஒற்றைச் சொல்லில் தரம் பிரிக்கும் வழக்கம் 2024 செப்டெம்பரில் நின்றுவிட்டது. தம்பியின் நிரலில் அந்தச் சொற்கள் இன்னும் இருந்தன. வீட்டுத் தரகர்களின் விளம்பரத்திலும் இருக்கின்றன.

ஊர்களை ஒப்பிட்டு வா வா என்று கூப்பிடுகிற வேலையைத் தொடங்கி வைத்தவர்களில் எங்கள் ஹரோ ரயில்காரர்களும் உண்டு. மெட்ரொபொலிட்டன் ரயில்வே 1915 முதல் வருடாவருடம் 'மெட்ரோலாண்ட்' என்ற கைநூலை வெளியிட்டது. நகரத்துப் புகையை விட்டு வயற்காற்றுக்கு வாருங்கள், எங்கள் ரயிலில் வேலைக்குப் போய் வாருங்கள் என்று அதில் ஆசை காட்டியது. பாதையோரத்து உபரி நிலத்தில் வீடு கட்டி விற்றதும் அந்தக் கம்பனியோடு சேர்ந்தவர்கள்தான். ஏரியா பற்றி உருகிப் பேசுகிறவரிடம் அங்கே விற்பதற்கு ஒரு வீடு இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் இல்லை, தம்பி.

அவர் மனைவிக்குக் கோயில் பக்கத்தில் வேண்டுமாம். அதற்கு நிரல் போட மறந்துவிட்டார். விம்பிள்டன் பிள்ளையார் 1981இலிருந்து இருக்கிறார். வெஸ்ட் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மனின் ஓகஸ்ட் தேருக்குத் தெருவெல்லாம் தேங்காய்ச் சிதறல். ஹைகேட் மலையில் முருகன். ஆர்ச்வே ரோட்டில் 1986இல் கோயில் திறந்தபோது மனோர் பார்க்கிலிருந்து பஸ் மாறி மாறிப் போவோம். அந்த மலைக்கு நமக்கு முந்திக் குடிவந்தவர் ஒருவர் உண்டு. சட்டம் படிக்க 1907இல் வந்த வ.வே.சு. ஐயர், குரொம்வெல் அவென்யூ 65ஆம் இலக்கத்தில் இருந்த இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு தங்கியிருந்தார். கோயிலிலிருந்து நடக்கிற தூரம். கொஞ்சம் தள்ளிக் கார்ல் மார்க்ஸ் படுத்திருக்கிறார். பொலிஸ் தேடிய புரட்சிக்காரருக்குக் கிடைத்த இடம், இரண்டு சம்பளம் வாங்கும் கணினித் தம்பதிக்குக் கட்டாது. முருகனைத் தவிர வேறு தமிழருக்கு அங்கே வீடு வாங்கும் நிலைமை இல்லை.

கடைசியில் தம்பி இல்ஃபோர்டில் எடுத்தார். 2022 மே மாதம் எலிசபெத் லைன் வந்த பிறகு அங்கிருந்து நகரம் கிட்ட வந்துவிட்டது என்று காரணம் சொன்னார். பேச்சோடு பேச்சாக, மனைவியின் சித்தி மகளும் அந்தத் தெருவில்தான் இருக்கிறாள் என்றார். அட்டவணையில் அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

நாங்கள் கிழக்கிலிருந்து மேற்கே போனது பெரிய முன்னேற்றம் என்று நினைத்தோம். ஹரோ ஈஸ்ட்டில் 2015இல் போட்டியிட்டுத் தோற்ற நம்முடைய உமா குமரன், 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். கிழக்குத்தான் கைகொடுத்தது.

மூவர் கூட்டில் வீடு வாங்கிய என் நண்பன் ஒருவன் ஈஸ்ட்ஹாமிலிருந்து சிக்வெல்லுக்குப் போனான். எசெக்ஸ். "அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை மச்சான், நல்ல ஏரியா" என்றான். இந்த ஒரு வசனத்தை ரூட்டிங்கிலிருந்து சட்டனுக்குப் போனவரும் சொன்னார், வெம்பிளியிலிருந்து பின்னருக்குப் போனவரும் சொன்னார். நம்முடைய ஆட்கள் இல்லாத இடமாகவும், நம்முடைய கடை பத்து நிமிடத்திலும் இருக்கவேண்டும். அப்படியொரு இடத்தைத் தேடித்தான் லண்டன் தமிழர் நாற்பது வருடமாக வீடு மாறுகிறார்கள். நண்பன் சனிக்கிழமை தோறும் ஈஸ்ட்ஹாமுக்குக் காரெடுத்து வந்து அறக்குளா மீனும் முருங்கைக்காயும் வாங்கிப் பார்க்கிங் தண்டமும் கட்டிவிட்டுப் போவான். ஈஸ்ட்ஹாமும் ஒருகாலத்தில் எசெக்ஸ்தான் மச்சான் என்று சொல்லிப் பார்த்தேன். ரசிக்கவில்லை.

அண்மையில் ஒருநாள் அழைத்தான். குரலில் செத்தவீட்டுக் களை.

"பக்கத்து வீட்டுக்கு எங்கட ஆக்கள் வந்திட்டினம். குடிபூரலுக்கு ரோட்டு முழுக்கக் கார். ஏரியா போச்சு."

நான் அனுதாபம் தெரிவித்தேன். ஒரு கிழமை கழித்து மறுபடி எடுத்தான். இந்த நாட்டில் வீடு என்ன விலைக்குப் போனது என்பது காணிப் பதிவேட்டில் எவரும் பார்க்கக்கூடிய விஷயம். அவன் பார்த்துவிட்டான்.

"நான் வாங்கின விலையிலை ஒரு மடங்கு கூடக் குடுத்திருக்கிறாங்கள் மச்சான். என்ரை மனிசி இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் குடுத்தவள். வலு நல்ல சனம், சாவகச்சேரிப் பக்கம். இந்தத் தெருவிலை இன்னும் ரெண்டு வீடு விலைக்கு வரப்போகுது. எங்கட ஆக்கள் ஆரும் தேடினால் சொல்லு."